தடுப்பூசி போடாதவருக்கு வேலை இல்லை என்று சொல்லலாமா?

தடுப்பூசி போடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருடைய பிழைப்பிலும் கை வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அந்த நியாயத்தை அவசரமாகச் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைப் பாருங்கள்.

2021 மே மாதம் அங்கே 702ஆம் எண் மசோதா சட்டமானது. தடுப்பூசி நிலையைக் காட்டி வேலை மறுப்பது, சம்பளத்தில் பாகுபாடு செய்வது, பொது இடங்களில் சேவை மறுப்பது எல்லாமே குற்றச்சாட்டுக்கு உரியவை. 180 நாளுக்குள் மாநில மனித உரிமைப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

பலர் இதைக் கொரோனா சட்டம் என்றே நினைக்கிறார்கள். இல்லை, தட்டம்மை, ஹெபடைடிஸ் பி என எல்லாத் தடுப்பூசிக்கும் இது பொருந்தும். வினையே அங்கேதான். கீமோதெரபி எடுத்து வெள்ளை அணுக்கள் குறைந்துபோன ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள். தட்டம்மைக் கிருமி, நோயுள்ளவர் வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் இருக்கும். அந்த வார்டுக்குத் தடுப்பூசி போட்ட செவிலியரை மட்டும் அனுப்ப நிர்வாகம் நினைத்தால், அதுவே வழக்காகலாம்.

விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் ஓட்டையும் இருக்கிறது. மருத்துவமனை தன் ஊழியரிடம் விவரம் கேட்கலாம். சொல்ல மறுத்தால் போடாதவராகக் கருதி, பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யலாம். தனியார் டாக்டரின் கிளினிக்குக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது. சட்டத்தின் வரையறைப்படி அது 'சுகாதார நிலையம்' இல்லையாம்! அதே நோயாளிதான் அங்கேயும் போய் உட்காருகிறார். 2022இல் மாவட்ட நீதிமன்றம் மருத்துவ இடங்களில் இந்தச் சட்டத்துக்குத் தடை போட்டது. 2024இல் மேல்முறையீட்டில் அந்தத் தடை நீங்கியது.

நம் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று டாக்டர் ஜேக்கப் புலியேல் தொடுத்த கொரோனா தடுப்பூசி வழக்கில் எடுத்த வழி எனக்கு இதைவிடச் சரியாகப் படுகிறது. அரசியலமைப்பின் 21ஆவது பிரிவின்படி யாரையும் தடுப்பூசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அதே நேரம் பொது நலனுக்காக, அளவுக்கு மீறாத கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. போடாதவர்தான் அதிகம் பரப்புகிறார் என்று காட்டத் தரவு வைக்கப்படாததால், அன்றைக்கு இருந்த கட்டுப்பாடுகள் பொருத்தமற்றவை என்றது. கேள்வி ஆளைப் பற்றியதல்ல, இந்த இடத்தில் இந்த நோயால் இப்போது என்ன ஆபத்து என்பது.

சட்டம் எழுதுகிறவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊசி பரவலைத் தடுக்கிறதா, போட்டவரை மட்டும் காக்கிறதா? ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புசக்தி இருப்பது தெரிந்தால் அதை ஏற்க வேண்டாமா? முகக்கவசம், ஷிப்ட் மாற்றம், வார்டு மாற்றம் எல்லாம் பார்த்த பிறகும் வழியில்லை என்றால்தான் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்வியே இருக்கக் கூடாது. வேலை உறுதியான பிறகு மருத்துவப் பிரிவு கேட்கட்டும், பதிலும் அங்கேயே இருக்கட்டும், மேலாளர் கைக்குப் போகவே வேண்டாம்.