‘பந்தயம்’ கதையின் வக்கீல் ஞானியா?

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘பந்தயம்’ கதையை நேற்று மறுபடி வாசித்தேன். முதன்முதலில் வாசித்தபோது எனக்கு இருபது வயது இருக்கும். அந்த வக்கீல் கடைசியில் எழுதிவைக்கும் கடிதத்தை நோட்டில் எடுத்தெழுதி, பார்ப்பவர்களிடமெல்லாம் படித்துக் காட்டிய ஆள் நான். இப்போது அவன் வெளியேறும்போது இருந்த வயது எனக்கு. நாற்பது. கடிதம் வேறு மாதிரி ஒலிக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1870 நவம்பர். ஒரு வங்கி முதலாளி வீட்டு விருந்து. மரண தண்டனையா, ஆயுள் தண்டனையா, எது மேல் என்று பேச்சு எழுகிறது. ஒரேயடியாகக் கொன்றுவிடுவதுதான் கருணை என்கிறார் முதலாளி. எப்படியாவது உயிரோடு இருப்பதே மேல் என்கிறான் இருபத்தைந்து வயது வக்கீல். பேச்சு முற்றி, ஐந்து வருடம் தனியறையில் இருந்துவிடு, இருபது லட்சம் தருகிறேன் என்கிறார் அவர். ஐந்து என்ன, பதினைந்தே இருக்கிறேன் என்கிறான் இவன். (அந்தக் கூடுதல் பத்து வருடத்தை யாருமே கேட்கவில்லை. சுத்த வீம்பு.) முதலாளியின் தோட்டத்து வீட்டில் அடைத்து வைக்கிறார்கள். மனித முகம், குரல், கடிதம், செய்தித்தாள் எதுவும் கூடாது. புத்தகம், பியானோ, ஒயின், புகையிலை கேட்ட அளவுக்குக் கிடைக்கும். 1885 நவம்பர் 14, பகல் 12 மணிவரை கெடு.

அவன் வாசித்துத் தள்ளுகிறான். நான்கே வருடத்தில் சுமார் 600 புத்தகங்கள். ஆறு மொழிகளில் ஒரு கடிதம் எழுதி, ஒரு பிழைகூட இல்லையென்றால் தோட்டத்தில் துப்பாக்கியால் சுடச் சொல்கிறான். சத்தம் கேட்டால் தெரிந்துகொள்வானாம். என்னை உலுக்கிய இடம் இது. மொழி என்பது இன்னொரு மனிதனிடம் பேச. இவனுக்கு ஆறு மொழி தெரியும், பேச ஆள் இல்லை, பதிலாக வருவது வேட்டுச் சத்தம். பத்தாம் ஆண்டுக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் சுவிசேஷம் மட்டும். அப்புறம் வேதியியல், பைரன், ஷேக்ஸ்பியர், மருத்துவம் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம்.

கடைசியில் பணம் வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டு, கெடுவுக்கு ஐந்து மணி நேரம் முன்பே போய்விடுகிறான். உடனே நாம் ‘பணத்தைத் துறந்த ஞானி’ என்று பட்டம் கட்டிவிடுகிறோம். எனக்கு இப்போது அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கடிதத்தில் அவன் பணத்தை மட்டுமா வெறுக்கிறான்? புத்தகத்தை, அறிவை, வெளியே இருக்கும் மொத்த மனிதர்களையும் வெறுக்கிறான். பதினைந்து வருடமாக ஒரு முகத்தைக்கூடப் பார்க்காதவன் மனித குலத்துக்கே தீர்ப்பு எழுதுகிறான். பட்டினியில் வயிறு சுருங்கிப் போனவன் சாப்பாடே பொய் என்று சொல்வதுபோல இருக்கிறது. அதைக் காயம் என்று எடுத்துக்கொள்ளலாம், உபதேசமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

செகாவுக்கே இதில் தடுமாற்றம் இருந்திருக்கிறது. 1889 புத்தாண்டு அன்று பத்திரிகையில் வந்தபோது கதைக்கு மூன்றாவது பகுதி ஒன்று இருந்தது. அதில் வக்கீல் திரும்பி வந்து பணம் கேட்கிறான்! பிற்பாடு அந்தப் பகுதியை அவரே நீக்கிவிட்டார். கலையாகப் பார்த்தால் நீக்கியது சரி. ஆனால் அப்படி ஒன்று இருந்தது என்று தெரிந்தபிறகு கடிதத்தை நம்பி வாசிப்பது கஷ்டம். அடுத்த ஆண்டே அவர் சகலின் தீவுக்குப் போய் அங்கிருந்த கைதிகளை நேரில் பார்த்தார். விருந்து மேசையில் தண்டனையைப் பற்றி வாதிடுபவர்களை இந்தக் கதையில் அவர் எப்படிப் பார்க்கிறார் என்பது அப்போது இன்னும் துலங்குகிறது.

சரி, முதலாளிக்கு வருவோம். கதையின் அறம் அவரிடம்தான் சோதிக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் சொத்து கரைந்து, பந்தயப் பணத்தைக் கொடுத்தால் ஓட்டாண்டி. கெடுவுக்கு முந்தைய இரவு, தலையணையை அழுத்திக் கொன்றுவிடலாம் என்று போகிறார். மரண தண்டனையே கருணை என்று பேசியவர் அதை நிறைவேற்றத் தானே கிளம்புகிறார். உயிரோடு இருப்பதே மேல் என்றவனோ வாழ்க்கையையே வெறுத்து எழுதி வைத்திருக்கிறான். இருவர் வாதமும் அவரவர் தலையிலேயே வந்து விழுகிறது.

உள்ளே வக்கீல் தூங்குகிறான், மேசைமேல் அந்தக் கடிதம். படித்ததும் அவர் அழுகிறார், தூங்குபவனின் தலையில் முத்தமிடுகிறார், தன்னையே வெறுக்கிறார். இருபது வயதில் இதோடு அவரை மன்னித்துவிட்டேன். ஆனால் கொலைக்குப் போகும்போது அவர் போட்ட கணக்கு ஒன்று உண்டு: சந்தேகம் முதலில் காவலாளிமேல்தான் விழும். ஒரே வரி. வேகமாக வாசித்தால் கண்ணில் படாது. பந்தயத்தில் எந்தப் பங்கும் இல்லாத, பெயர்கூடத் தரப்படாத ஒரு வேலைக்காரன் செய்யாத கொலைக்குத் தண்டனை வாங்கியிருப்பான்.

மறுநாள் காலை, வக்கீல் சன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டான் என்று முகம் வெளிறி ஓடிவந்து சொல்பவர்கள் காவலாளிகள்தான். முதலாளி வேலைக்காரர்களோடு போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்கிறார். வீண் பேச்சு வராமலிருக்க அந்தக் கடிதத்தை எடுத்து வந்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். முந்தைய இரவு தங்களில் ஒருவன் தலைக்கு எவ்வளவு பக்கத்தில் கத்தி வந்து போனது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.