அந்த ஒரு கட்டத்தை நிரப்பினால் என்ன குறைந்துவிடும்?

புதன்கிழமை ஒரு சேஞ்ச் (ஓடும் சிஸ்டத்தில் செய்யும் மாற்றம்) நம் சர்வீஸைக் கவிழ்த்த கூத்தைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைச் சரிசெய்ய எல்லோரும் கூடிய அந்த பிரிட்ஜ் காலில் (போன் கூட்டத்தில்) இருந்தவர்கள் இங்கேயே பத்துப் பேராவது இருப்பீர்கள், கதை தெரியும். ஆனால் அந்தக் கோளாறுக்கான டிக்கெட்டை மூடிய லட்சணத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

டிக்கெட் போடும் மென்பொருளான சர்வீஸ்நவ்வில் இன்சிடென்ட் (கோளாறு) பக்கத்தில் ‘ரிலேட்டட் ரெக்கார்ட்ஸ்’ என்று ஒரு டேப் உண்டு. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. அதில் ‘சேஞ்ச் ரிக்வெஸ்ட்’ என்று ஒரு கட்டம், ‘காஸ்டு பை சேஞ்ச்’ என்று இன்னொரு கட்டம். முதலாவதில் கோளாறைச் சரிசெய்யப் போட்ட சேஞ்சின் எண் வர வேண்டும். இரண்டாவதில் கோளாறை உண்டாக்கிய சேஞ்சின் எண். நம் ஆட்கள் விஷத்தின் எண்ணை மருந்துக் கட்டத்தில் போட்டு மூடிவிட்டார்கள். இனி ரிப்போர்ட் எடுத்தால் அந்த சேஞ்ச்தான் நம்மைக் காப்பாற்றியதாக வரும். ஆபத்பாந்தவன்!

எந்த சேஞ்சால் இந்த இன்சிடென்ட் வந்ததோ அதை இணையுங்கள். இவ்வளவுதான் நான் கேட்பது.

“ராத்திரி மூன்று மணிக்கு சர்வீஸைத் தூக்கி நிறுத்துவதா, கட்டம் நிரப்புவதா?” என்பீர்கள். சரி, முதலில் தூக்கி நிறுத்துங்கள், யார் வேண்டாம் என்றது? மூடும்போது நிரப்புங்கள். கூகுளில் சர்வீஸ்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ குழுவினர், கோளாறுகளில் சுமார் 70 சதவீதம் ஓடும் சிஸ்டத்தில் கை வைத்ததால் வருபவை என்று 2016-லேயே எழுதிவிட்டார்கள். கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்று முதல் பத்து நிமிடத்தில் கேட்டிருந்தால் மூன்று மணியே ஆகியிருக்காது.

“இணைத்தால் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள்” என்று இன்னொரு கட்சி. இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இணைக்காவிட்டால் மட்டும் பழி வராதா? நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நைட் ஷிப்டில் ஒரு பேட்ச் ஜாப் (தானாக மொத்தமாக ஓடும் வேலை) விழுந்தது. அன்று மாலைதான் நெட்வொர்க்கில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் ஃபயர்வால் ரூலை மாற்றியிருந்தார்கள். டிக்கெட்டில் யாரும் அதை இணைக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் ‘மனிதத் தவறு’ என்று எழுதினார்கள். அந்த மனிதன் நான். அந்த வருடம் அப்ரைசலில் என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே ரூலை இன்னொரு டேட்டா சென்டரில் போட்டார்கள், அதே ஜாப் விழுந்தது. அன்று நான் லீவில் ஊரில் இருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிராசஸ் பைத்தியம் என்று என்னை, சேஞ்சுகளுக்கு அனுமதி கொடுக்கும் கேப் மீட்டிங்கிலேயே கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

நேற்று பாராட்டு மெயில் வந்தது. சேஞ்ச் போட்ட டீமுக்கு, ‘விரைந்து செயல்பட்டதற்காக’. ஐந்து மணி நேரம் தனியாக சிஸ்டத்தின் பதிவுகளை (லாக்) தோண்டி, சேஞ்சை ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கச் சொன்ன அந்தப் பெண்ணின் பெயரைத் தேடினேன். சிசியில்கூட இல்லை.