இரண்டு ஒற்றும் ஒரு துணைக்காலும்

போன மாதம் ஒரு சாயங்காலம், மகன் வீடு திரும்பும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. "எங்கே இருக்கிறாய்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது: "ஓட்டிகொண்டிருகிறேன் அம்ம".

நிம்மதியாகப் போனைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. எடுத்து மறுபடி படித்தேன். இரண்டு இடங்களில் க் இல்லை, அம்மாவுக்குத் துணைக்கால் இல்லை. எழுத்துப்பிழை விடுகிற பிள்ளை இல்லை அவன். ஒரு கை ஸ்டீயரிங்கில் இருக்க, இன்னொரு கையின் கட்டைவிரல் அவசரமாகத் தட்டியது இது. அவனுக்கு வயது 18. லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம். ஓட்டும்போது போனைத் தொடாதே என்று நூறு தடவை சொன்ன நானேதான் அவனைத் தொட வைத்திருக்கிறேன்.

அன்றிரவு தூக்கம் வராமல் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கனரக லாரி ஓட்டுநர்களின் வண்டிகளில் கேமரா பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். குறுஞ்செய்தியில் ஈடுபட்டவர்களின் கண்கள், ஆபத்து நேர்ந்த 6 விநாடிகளில் 4.6 விநாடிகள் சாலையில் இல்லை. விபத்தோ மயிரிழையில் தப்புவதோ நேரும் வாய்ப்பு 23 மடங்கு. ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் கதை இது! மணிக்கு 60 கிலோமீட்டரில் 4.6 விநாடி என்றால் 76 மீட்டருக்கு மேல் வண்டி போய்விடும்.

எண்ணாகப் படித்தால் மனதில் ஏறாது. நீங்கள் ஓட்டாமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும்போது கண்ணை மூடி ஐந்து வரை எண்ணிப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன். ஓட்டியவர் என் கணவர். இருபது வருடமாக அவர் ஓட்டும் வண்டியில்தான் போகிறேன். அப்படியும் மூன்றைத் தாண்டும் முன்பே கண் தானாகத் திறந்துகொண்டது. கை கதவின் பிடியைப் பற்றியிருந்தது.

"சிக்னலில் நிற்கும்போது மட்டும்தான் பார்ப்பேன்" என்று பலரும் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கண் சாலைக்குத் திரும்பிவிடும், மனம் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கண்டது இது: காரிடமோ போனிடமோ குரலால் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடிகள் வரை ஆகலாம். கையே படாத வேலைக்கு இந்தக் கதி என்றால், மனதைச் சுடும் ஒரு செய்தியைப் படித்துவிட்டு பச்சை விளக்கில் வண்டியை எடுக்கிறவனின் நிலை என்ன?

உடனே "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று ஆரம்பிக்காதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது. அவர்களின் கையும் கண்ணும் நம்மைவிட வேகம். அந்த வேகமே அவர்களை ஏமாற்றுகிறது. சாலையில் ஒரு பந்து உருண்டு வந்தால், அதன் பின்னால் ஒரு குழந்தை ஓடிவரும் என்று பல வருடம் ஓட்டியவரின் கால் பிரேக்குக்குப் போகும். நான்கு மாத அனுபவத்தில் அது வராது. அதோடு, அந்த வயதில் நண்பனுக்குப் பதில் தாமதமானால் அது ஒரு பிணக்கு. சாலை விபத்துக் காயங்கள்தாம் உலகில் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வயதுக்காரர்களுக்கு ஓயாமல் செய்தி அனுப்புகிறவர்கள் யார்? நண்பர்கள், அடுத்தபடியாக நாம்.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் 2009-இல் நடந்தது. 18 வயதுப் பையன் ஒருவன் 17 வயதுத் தோழியோடு செய்தி பரிமாறிக்கொண்டே ஓட்டி, நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த தம்பதியின் மீது மோதினான். இருவருமே ஆளுக்கொரு காலை இழந்தார்கள். அவர்கள் அந்தப் பெண்ணின் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், போதிய ஆதாரம் இல்லை என்று அவளை விடுவித்தது. ஆனால், பெறுகிறவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், ஓட்டிக்கொண்டே படிப்பார் என்று தெரிந்தே அனுப்புகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லிவைத்தது. சட்டமாக இது சரியா என்று வாதிட எனக்குத் தெரியாது. என் வரையில் நூற்றுக்கு நூறு சரி. அவன் அந்த நேரத்தில் சாலையில்தான் இருப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பான்போல, ஒரு கணம் விழித்தான். பிறகு, "நீ பயப்படுவாயே என்றுதானம்மா உடனே பதில் போட்டேன்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது கிளம்பும் முன் ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி, அவ்வளவுதான். போன் பையில், பை பின் இருக்கையில். இடைப்பட்ட நேரத்தின் பதற்றம் என்னுடையது, அதை நான்தான் சுமக்க வேண்டும். ஓட்டும்போது செய்திகளை மறைத்து, தானே பதில் அனுப்பும் வசதி பல போன்களில் இருக்கிறது. அவனே அதைப் போட்டுக்கொண்டான். உங்கள் பிள்ளையின் போனிலும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், உங்கள் போனிலும்தான்.

போன வியாழக்கிழமை மழை. கை பொறுக்கவில்லை, "எங்கே?" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பியதுமே நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுகணமே போன் தானாக அனுப்பிய பதில் வந்தது: "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சேர்ந்ததும் பேசுகிறேன்." ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட விடுபட்டிருக்கவில்லை.