அம்மாவின் ட்ரங்குப் பெட்டியும் ஒரு காலிங் பெல் சுவிட்சும்

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மேசைக்கடியில் இருக்கும் பச்சைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கல்லாப் பெட்டியாண்ணே?" என்று கேட்கிறார்கள். அதன் நெற்றியில் இருக்கும் காலிங் பெல் சுவிட்சை அமுக்கிக் காட்டுவேன். உள்ளே ஃபேன் சுற்றும், மானிட்டரில் வெளிச்சம் வரும். சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், "ஏன், கம்ப்யூட்டர் கேபினட் வாங்கக் காசில்லையா?" என்றார். அவருக்கு அன்று பதில் சொல்ல நேரமில்லை. இது அவருக்கு எழுதுவதுதான்.

காசு கொடுத்து வாங்கியும் பார்த்தாயிற்று. எனக்குச் செல்லூரில் சின்ன டிடிபி கடை. கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா என்று மதுரையில் போஸ்டருக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. துக்க வீட்டுக்காரர்கள் ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டோவோடு வந்து, விடிவதற்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் நான் யார் முகத்தில் முழிப்பது?

போன வருஷம் வாங்கிய கேபினட்டுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மூன்று ஃபேன், மூன்றும் வானவில் மாதிரி கலர் மாறும். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. காற்று உள்ளே போக வழி எங்கே என்று தேடினால், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையாத ஒரு சந்து. மூன்று ஃபேனும் அந்தச் சந்து வழியாகத்தான் மூச்சு வாங்க வேண்டும். என் கடைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கத்திரி வெயிலில் மத்தியானம் உள்ளே 39 டிகிரி அடிக்கும். காற்றை வைத்துக் குளிரூட்டும் எந்த பிராசசரும் (கம்ப்யூட்டரின் மூளை) அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. நம் ஊரில் ஆரம்பமே 39 என்றால் மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஆறடி போஸ்டரை பிடிஎஃப் ஆக்கும்போது பொட்டென்று அணைந்துபோனது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், "ஏசி போட்டுக்கங்க சார்" என்றார்கள்.

ஏசி இல்லை, பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். சூடு குறைந்தது. ஆனால் செல்லூர் தறி ஓடும் ஊர். பஞ்சுத் தூசி காற்றிலேயே மிதக்கும். இரண்டு மாதம் கழித்து பிராசசர் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளைப் பார்த்தால், இடுக்கு முழுக்க மெத்தை தைத்த மாதிரி அடைந்து கிடந்தது. நகத்தால் கிள்ளினால் ஒரு துண்டாகக் கையோடு வந்தது.

அந்தக் கேபினட் ஏசி அறைக்குச் செய்தது. அதைக் கொண்டுவந்து கூரைக்கடியில் வைத்தது என் தப்பு. "கூலிங் சூப்பரா இருக்கும்" என்று சொல்லி விற்றது அவர்கள் தப்பு. கேபினட் என்பது மதர்போர்டை, அதாவது பாகங்களெல்லாம் உட்காரும் பெரிய போர்டைத் தாங்க, காற்றை நடத்த, கரண்டை மண்ணுக்கு அனுப்ப இருக்கிற ஒரு பெட்டி. இந்த மூன்றும் தெரிந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் என் கட்சி.

பெட்டி அம்மாவுடையது. கல்யாணமாகி உசிலம்பட்டியிலிருந்து வரும்போது கொண்டுவந்த ட்ரங்குப் பெட்டி. இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "கரண்டுப் பெட்டியாவா ஆக்கப் போற? சரி, அந்தக் கொக்கிய மட்டும் அறுத்துராத" என்றார். உள்ளே இருந்த ஒரு பட்டுச்சேலை, பழைய ரேஷன் கார்டு, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் பீரோவுக்குப் போயின.

கீழவாசல் பக்கம் ஒரு தகரப் பட்டறை. அங்கே இருக்கிற பெரியவர் முன்னொரு காலத்தில் இதே மாதிரிப் பெட்டிகள் செய்தவர். "நல்ல பெட்டியப் போயி வெட்டச் சொல்றீங்களே தம்பி" என்று முதலில் கையே வைக்கவில்லை. மதர்போர்டைக் கையில் கொடுத்ததும்தான் ஆர்வம் வந்தது. பின்பக்கம் கேபிள் சொருகும் இடத்துக்கு ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். நான் நெட்டில் பார்த்து 158.75 மில்லிமீட்டருக்கு 44.45 என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்தத் தாளை அவர் பார்க்கவே இல்லை. இஞ்சுக் கோலை வைத்தார். "ஆறேகால், ஒண்ணேமுக்கால்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் மயிரிழை பிசகாமல் அதேதான். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவுமுறையே இஞ்சில் போட்டதுதான். மில்லிமீட்டரில் மாற்றியதால்தான் நமக்கு அது ராக்கெட் கணக்கு மாதிரித் தெரிகிறது.

இன்னொன்றும் செய்தார், நான் கேட்காமலே. வெட்டிய இடத்திலெல்லாம் ஓரத்தை உள்பக்கமாக மடித்து அடித்தார். கடைக் கேபினட்டில் ராம் மாற்றப் போய் எத்தனை முறை விரலைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

வெட்டிய பிசிர் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. மதர்போர்டுக்கு அடியில் ஒரு இரும்புத் துணுக்கு மாட்டினால் முடிந்தது கதை. காந்தத்தை வைத்துத் துழாவி, அப்புறம் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன். போர்டு தகரத்தில் படாமல் நிற்கக் குட்டிப் பித்தளைக் கால்கள் உண்டு, அவை பழைய கேபினட்டிலிருந்தே கழற்றியவை. ஹார்டு டிஸ்க் தகரத்தின் மேல் நேராக உட்கார்ந்தால் பெட்டியே உறுமும். பழைய ரப்பர் செருப்பை நாலு துண்டாக அறுத்து அடியில் வைத்தேன், சத்தம் நின்றது.

சொதப்பலையும் சொல்ல வேண்டும். காற்று வரும் ஓட்டைக்கு ரெடிமேட் கம்பிவலை வாங்காமல், சாதம் வடிக்கும் வடிதட்டைப் பிடித்து வைத்தேன். அசல் எவர்சில்வர், பார்க்கவும் அழகு. ஓடவிட்டால் விசில் மாதிரிக் கூவியது, பிராசசர் சூடு 84 டிகிரிக்குப் போய்விட்டது. வடிதட்டில் ஓட்டையைவிடத் தகடுதான் அதிகம். கஞ்சி இறங்க அது போதும், காற்று புகப் போதாது. கண்ணாடிக் கேபினட்காரர்கள் செய்த அதே தப்பை நான் எவர்சில்வரில் செய்திருக்கிறேன். கழற்றி அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

இப்போது அங்கே இருப்பது கொசுவலைத் துணி. அதைச் சுற்றி ஒட்டியிருப்பது பழைய ஃபிரிட்ஜ் கதவு ரப்பருக்குள் இருந்து உருவிய காந்தப் பட்டை. தகரத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை கடை கழுவும்போது பிய்த்து, குழாயில் காட்டி, உதறிக் காயவைத்து மாட்டினால் சரி. முன்பக்கம் உள்ளே தள்ள இரண்டு ஃபேன், பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று. வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகமாக இருந்தால், மற்ற சந்துகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும். தூசி வலையைத் தாண்டித்தான் வர வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. இந்தக் கத்திரியில் அதே ஆறடி போஸ்டருக்கு 71 டிகிரியைத் தாண்டவில்லை.

சுவிட்ச் கதை தனி. மதர்போர்டின் பவர் பட்டன் என்பது இரண்டு ஊசிகளை ஒரு நொடி தொடவைத்து விடுவது, அவ்வளவுதான். கை வைத்தால் தொடும், எடுத்தால் விடும். காலிங் பெல் சுவிட்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்த இரண்டு ஊசிகளுக்குள் எந்த வயரை எதில் மாட்டினாலும் ஓடும். நான் யோசிக்காத ஒன்று, அதில் மணி படம் போட்டிருப்பது. நான் டீ குடிக்கப் போயிருந்தபோது ஒரு அண்ணன் வந்து, ஆளைக் காணோம் என்று, குனிந்து மணியை அமுக்கிவிட்டார். பாதி முடித்த வேலையோடு கம்ப்யூட்டர் அணைந்தது. "ரெண்டு தடவ அடிச்சேன் தம்பி, சத்தமே வரல" என்றார். அன்றைக்கே விண்டோஸ் செட்டிங்ஸில் போய், பட்டனை அமுக்கினால் எதுவும் செய்யாதே என்று மாற்றிவிட்டேன்.

இதில் விளையாட்டே இல்லாத இடம் ஒன்று உண்டு. முதல் வாரம், வெறுங்காலோடு நின்று கொக்கியைத் தொட்டேன், சுள்ளென்றது. டெஸ்டர் வைத்தால் மினுக்மினுக்கென்று எரிந்தது. கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில், கரண்டு நுழையும் இடத்தில் இரைச்சலை வடிக்க, இரண்டு லைனிலிருந்தும் பாடிக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டியின் உடம்பில் 230 வோல்ட்டில் பாதி வந்து உட்கார்ந்துகொள்ளும். பிளக் பாயிண்ட்டில் மூன்று ஓட்டை இருந்தது. சுவிட்ச் பாக்ஸைத் திறந்து பார்த்தால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. இது தகரப் பெட்டியின் குற்றமில்லை. பழைய கேபினட்டிலும் இதே கரண்டு இருந்திருக்கும், பெயிண்ட் மறைத்துக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம். எஸ்எம்பிஎஸ் திருகு உட்காரும் இடத்தில் பச்சைப் பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகரம் தெரியவைத்தேன். டெஸ்டர் அணைந்தது. இதைப் படிக்கிறவர்கள் பெட்டி செய்கிறீர்களோ இல்லையோ, இன்றைக்கு உங்கள் பிளக் பாயிண்ட்டைப் பாருங்கள். அப்புறம், பெட்டியை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

அட்டைப்பெட்டியில் செய்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டான். கரப்பானுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது, கரண்டை மண்ணுக்கு அனுப்பத் தகர உடம்பும் கிடையாது. ஆனால் கேட்டதில் தப்பில்லை. 1976-ல் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கம்ப்யூட்டரே வெறும் போர்டாகத்தான் விற்பனைக்கு வந்தது. போர்டை வாங்கியவர்களே பெட்டியைச் செய்துகொண்டார்கள், மரப்பெட்டியில் உள்ள ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1996-ல் கூகுள் இன்னும் ஸ்டான்ஃபோர்டில் படிப்பு வேலையாக இருந்தபோது, பத்து ஹார்டு டிஸ்க்கை அடுக்கப் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால்தான் பெட்டி கட்டினார்கள். அவர்களைப் பார்த்து யாரும் காசில்லையா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

செலவு? தகர வேலை, ஃபேன், எர்த் எல்லாம் சேர்த்தால் ஒரு கண்ணாடிக் கேபினட்டைவிட அதிகமாகவே ஆகிவிட்டது. மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

மத்தியானம் வேலை மும்முரத்தில் பெட்டி சூடேறினால், பின்பக்கக் காற்றோடு பாச்சை உருண்டை வாசம் வரும். நாற்பது வருஷம் சேலையோடு கிடந்த தகரம், எவ்வளவு துடைத்தும் போகவில்லை. சோறு கொண்டுவரும் அம்மா உள்ளே நுழைந்ததும், "இன்னைக்கு வேலை ஜாஸ்தியோ?" என்பார்.

ஒரே குறை, முன்பக்கம் யுஎஸ்பி இல்லை. பென் டிரைவோடு யார் வந்தாலும் மேசைக்கடியில் தவழ்ந்து பின்னால் போய்ச் சொருக வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கீழவாசல் போகிறேன். அரை இஞ்சுக்குக் கால் இஞ்சு, இரண்டு ஓட்டை.