எலும்பில் புற்றுநோய், தொடங்கிய இடம் தெரியவில்லை: அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

"எலும்புக்குப் பரவிய புற்றுநோய் எங்கே தொடங்கியது என்று தெரியாவிட்டால் சிகிச்சையே கிடையாது, பயாப்ஸி எடுத்தால் ஊசி பட்டு இன்னும் பரவும்" என்று ஒரு செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பயாப்ஸிதான் (சோதனைக்காகக் கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுப்பது) இங்கே முக்கியமான துப்பு. பயாப்ஸியால் நோய் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இணையதளத்தில் தெளிவாகவே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். எடுத்த துணுக்கில் சாயமேற்றிப் பார்த்தால் தொடங்கிய இடம் மார்பகமா, புராஸ்டேட்டா (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி), நுரையீரலா, தைராய்டா என்று பல சமயம் பிடிபட்டுவிடும். கூடவே சிடி ஸ்கேன், ஆண்களுக்குப் புராஸ்டேட்டைச் சோதிக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, பெண்களுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). அப்புறம், எலும்பு மஜ்ஜையிலேயே தொடங்கும் ரத்தப் புற்றுநோயான மைலோமாவும் எலும்பை அரிக்கும்; அதற்கு மருந்தே வேறு.

சரி, கடைசிவரை தெரியாமலே போனால்? அப்போதும் வலிக்குக் கதிர்வீச்சு உண்டு. பலருக்கு ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்தாலே வலி குறைகிறது. எலும்பைக் காக்க சோலெட்ரானிக் அமில ஊசி (முன்னதாகப் பல் டாக்டரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்). முறியும் நிலையிலுள்ள தொடை எலும்புக்குக் கம்பி வைப்பார்கள்.

முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ சிறுநீர் போகாமல் நின்றாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி வீட்டிலேயே இருந்தால் நடையே போய்விடலாம். அது உங்களுக்கு வந்திருந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.