காலையில் எடுக்க வேண்டிய படம்
அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் படமெடுப்பது பற்றிய இந்தக் கட்டுரையில், அங்குள்ள ஜாக்சன் சதுக்கத்தை மாலை வெயிலில்தான் படமெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சதுக்கத்தை ஒட்டிய செயின்ட் லூயிஸ் தேவாலயத்தின் முகப்பு மிசிசிப்பி ஆற்றைப் பார்த்துத் தென்கிழக்காக நிற்கிறது. மாலையில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் போய்விடும். முகப்பு இருண்டு, வானம் வெளுத்துப்போய்த்தான் படம் வரும். முதல் நாள் எனக்கு அப்படித்தான் ஆனது, எடுத்த 40 படமும் வீண். மறுநாள் காலை 7 மணிக்கே போனேன். மூன்று கோபுரங்களிலும் இளவெயில், ஈரத் தரையில் அவற்றின் பிம்பம், கூட்டமே இல்லை. மாலைக்கு வேறு இடம் இருக்கிறது: கனால் தெருக்கோடியிலிருந்து ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள அல்ஜியர்ஸ் முனைக்குப் போகும் படகு. கொஞ்ச நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் செவ்வானத்துக்கு முன்னால் நகரமே கோட்டோவியம் மாதிரித் தெரியும். ராயல் தெருவில் லாப்ராஞ்ச் கட்டடத்தின் இரும்பு பால்கனியையும் விட்டுவிடாதீர்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஓக் இலையும் காயுமாக வார்த்திருப்பது தெரியும். கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒருவர், தெருவில் வாசிக்கும் கலைஞர்களைத் தூரத்திலிருந்தே ஜூம் பண்ணி எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். தயவுசெய்து வேண்டாம். அவர்களுக்கு அதுதான் பிழைப்பு. ஒரு பாட்டு நின்று கேட்டு, முன்னால் இருக்கும் வாளியில் ஒன்றிரண்டு டாலர் போட்டுவிட்டுக் கேமராவைத் தூக்குங்கள். நான் அப்படிச் செய்தபோது டிராம்போன் வாசித்தவர் என் பக்கமே திரும்பி நின்று வாசித்தார்.