“காதுதானேம்மா, அடுத்த வாரம் குத்திக்கலாமே”

நான் பட்டமேற்படிப்பு படித்தபடியே மருத்துவமனையில் வேலை பார்க்கும் மருத்துவர். சனிக்கிழமை மாலை ஆறே முக்கால் மணிக்கு எங்கள் அறுவை சிகிச்சை யூனிட்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்து விழுந்தது. ஞாயிறு காலை 8 முதல் திங்கள் காலை 8 வரை என்று போட்டு, பக்கத்தில் என் பெயர், அதற்குப் பக்கத்தில் கைகூப்பும் படம் ஒன்று. என்னை அழைத்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து. அதற்காகத்தான் தீபாவளி நாளின் 24 மணி நேர டியூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆவணி மாதத்திலேயே பேசி முடித்த ஏற்பாடு அது. தீபாவளியை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கடுத்த ஞாயிறை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள் என்றேன், எல்லோரும் தலையாட்டினார்கள்.

சொன்னபடி தீபாவளியைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் குறித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கெல்லாம் காஷுவாலிட்டி வாசலுக்கு வருவதில்லை. விடியற்காலையில் தொடங்கிய கூட்டம் நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை. அணைந்துவிட்டதென்று நினைத்துப் புஸ்வாணத்தைக் குனிந்து பார்த்த ஒன்பது வயதுப் பையனின் வலது உள்ளங்கை முழுக்க, வீட்டில் தடவிய இட்லி மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டியிருந்தால் அந்தக் கை பாதி தப்பியிருக்கும். அந்த மாவைத் துளித் துளியாக நனைத்து எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவன் என் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கேன்டீன் அன்றைக்கு மூடியிருந்ததால் இரவு இரண்டு மணிக்கு நான் சாப்பிட்டது, அவன் அம்மா காகிதத்தில் மடித்துக் கொடுத்த இரண்டு அதிரசம். அந்த நாளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஏனென்றால் நான் ஒப்புக்கொண்டு வந்த நாள் அது.

சனிக்கிழமை அந்தச் செய்தியைப் பார்த்ததும் யூனிட் சீஃபைத் தேடி ஓடினேன். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கேஸ் ஷீட்டைப் புரட்டியபடி நின்றிருந்தார். அன்று டியூட்டி பார்க்க வேண்டிய, என்னுடன் படிப்பவருக்கு டெங்கு, ஆள் இல்லை என்றார். மதியம் இரண்டு மணி வரை மட்டும் வேறு யாரையாவது போடுங்கள், விழா முடிந்ததும் நேராக வந்து மறுநாள் முழுவதும் நிற்கிறேன் என்று கெஞ்சினேன். கேஸ் ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவர் சொன்னது இது: “காதுதானேம்மா, அடுத்த வாரம் குத்திக்கலாமே.”

நாலே சொற்கள். அன்று முதல் பல் துலக்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் எனக்குள் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அடுத்த வாரம் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்காமல் வந்துவிட்டேனே என்று நெஞ்சு கொதிக்கிறது.

அடுத்த வாரம் என் அண்ணன் இந்த நாட்டிலேயே இருக்க மாட்டான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மஸ்கட்டில் பத்து நாள் விடுப்பு வாங்கி, சீர்த்தட்டுக்கும் தோட்டுக்கும் ஓராண்டாகச் சேர்த்து வைத்து வந்தவன், செவ்வாய்க்கிழமை விடியற்காலை விமானத்தில் திரும்பியாக வேண்டும். குலதெய்வக் கோயில் பூசாரிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. கிடா இரண்டு கட்டிக் கிடக்கிறது. எண்பத்திரண்டு வயது அப்பத்தாவை முதுகுக்குத் தலையணை கொடுத்து மூன்று மணி நேரம் காரில் அழைத்துப் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் காதுகுத்து ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போனது. பதினோராம் மாதத்தில் குத்த வேண்டிய காது, ஒருமுறை என் தேர்வுக்காகவும் ஒருமுறை டியூட்டிக்காகவும் தள்ளிப்போய்ப் பிள்ளைக்கு மூன்று வயது நடக்கிறது. மற்ற குழந்தைகளின் காதைத் தொட்டுப் பார்த்து “எனக்கு எப்ப?” என்று கேட்கும் அளவுக்கு அவள் வளர்ந்துவிட்டாள்.

ஒரு வயிற்றைத் திறக்கலாமா, நாளை வரை பொறுக்கலாமா என்று நாள் முழுக்க நிதானித்து முடிவெடுக்கிற மனிதர், என் வீட்டுக் காரியத்தை முடிவு செய்ய ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் ‘தானே’யைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

காய்ச்சலில் கிடக்கிற தோழர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒருவர் படுத்தால் அந்த இடத்தில் நிற்க இன்னொருவர் இல்லாத யூனிட்டை ஆண்டுக் கணக்கில் அப்படியே நடத்துகிறார்களே, அதன் மீதுதான் கோபம். காலிப் பணியிடங்களை நிரப்பாமல், ஒவ்வொரு ஓட்டையையும் எங்கள் வீட்டு விசேஷங்களை எடுத்து அடைக்கிறார்கள். 1992ஆம் ஆண்டிலேயே எங்களைப் போலப் படித்துக்கொண்டே பணி செய்பவர்களுக்கான மத்திய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணி வாங்கக் கூடாது என்றும் வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்றும் எழுதி வைத்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 ஒழுங்குமுறையும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு வார ஓய்வையும் ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பையும் சொல்கிறது. ஆனால் அந்த வார ஓய்வோடு ‘பணியின் அவசியத்துக்கு உட்பட்டு’ என்ற வாலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த வால்தான் எங்கள் பிறந்தநாளையும் திருமண நாளையும் தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்தையும் விழுங்கிக்கொண்டே இருக்கிறது. ஆண்டு முழுவதும் நீடிக்கிற ஆள் பற்றாக்குறைக்கு அவசியம் என்று பெயர் வைக்க இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவர் தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய இரவு முழுக்க டியூட்டி பார்த்துவிட்டு, காலையில் பேருந்திலேயே தலை பின்னிக்கொண்டு போய் நின்றார். அதை எல்லோரும் அர்ப்பணிப்பு என்று மெச்சினார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. அவர் எதையும் அர்ப்பணிக்கவில்லை, அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். “பெற்றவளே வரவில்லையா?” என்று என் வீட்டில் கேட்ட உறவினர்களுக்கும் சொல்கிறேன், நான் வராமல் இருக்கவில்லை, என்னை விடவில்லை.

ஞாயிறன்று முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. ஒன்பது இருபதுக்கு, குடல்புண் ஓட்டையாகி வயிறு பலகை போல இறுகிய ஒரு விவசாயிக்கு நான் மூக்கு வழியாகக் குழாய் இறக்கிக்கொண்டிருந்தேன். கோட்டுப் பையில் அலைபேசி அதிர்ந்தது, நின்றது, மறுபடியும் அதிர்ந்தது. இரண்டு கையிலும் கையுறை. அது கோயிலிலிருந்து வரும் வீடியோ அழைப்பு என்று தெரிந்துகொண்டே, “விழுங்குங்க ஐயா, இன்னும் ஒரு தடவை விழுங்குங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனோம். அவர் பிழைத்துக்கொண்டார். அதில் எனக்கு நிறைவுதான். ஆனால் அந்தக் குழாயை இறக்க இன்னொரு மருத்துவர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வதை அந்த நிறைவு ஒரு துளியும் மாற்றாது.

மாலை நான்கு மணிக்குத்தான் அலைபேசியைத் திறந்தேன். நாற்பத்தொரு நொடி வீடியோ. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு அண்ணன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசாரி தங்கக் கம்பியைக் காதில் வைத்ததும் ‘அம்மா’ என்று வீரிட்டு, கூட்டத்தில் முகம் முகமாகத் தேடுகிறாள். தலையை அசையாமல் பிடித்திருப்பது நாத்தனாரின் வளைக்கை. அங்கே இருந்திருக்க வேண்டியது என் கை.

அதைப் பெண் மருத்துவர்களுக்கான டியூட்டி அறையில் பார்த்தேன். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துதான் அழுதேன். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் ஒரு பெண் மருத்துவர் அவர் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட பிறகு, எங்கள் அறையையும் வந்து பார்த்தார்கள், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள், நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். நானும் கைப்பட இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு தாழ்ப்பாள், நாலு திருகாணி. இன்னும் வரவில்லை.